பிள்ளையைப் பறிகொடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது: லீவு விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லீவு விதிகளை எழுதுகிறவர்களுக்கும், அதில் கையெழுத்துப் போடுகிற முதலாளிகளுக்கும், அந்த விதியைக் காட்டி "இவ்வளவுதான் சார் முடியும்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஹெச்.ஆர். ஊழியர்களுக்கும், டீமை நடத்தும் மேனேஜர்களுக்கும், வணக்கம்.

நான் மகளை இழந்த ஒரு அப்பா. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. எப்படி இறந்தாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, இந்த மடலுக்கு அது தேவையும் இல்லை. அவள் போன பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். திரும்பித்தான் ஆக வேண்டும், வீட்டுக் கடனும் இன்னொரு பிள்ளையின் படிப்பும் நமக்காகக் காத்திருக்காது. பிள்ளையைப் புதைத்தவர்களும் எரித்தவர்களும் மறுபடி ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும் அந்தக் காலத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. அந்தக் காலம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பது நீங்கள்தான்.

பல நிறுவனங்களின் கையேட்டில் இதற்கென்று ஒரே ஒரு வரி இருக்கும். நெருங்கிய உறவினர் மரணத்துக்கு மூன்று நாள், அல்லது ஐந்து நாள். நெருங்கிய உறவினர் யார் என்று கீழே போட்டிருப்பார்கள்: தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர். சில இடங்களில் அந்த வரிகூடக் கிடையாது, சொந்த லீவில் கழித்துக்கொள்ள வேண்டும். என் அப்பா வயதாகி இறந்தபோதும் எனக்கு இதே வரிதான், மகள் இறந்தபோதும் இதே வரிதான். அப்பா போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை எழுதியவர் இந்த இரண்டையும் ஒரு நிமிடமாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அந்த மூன்று நாள் எதில் போகிறது தெரியுமா? சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும், அந்த நாட்களில் துக்கப்படக்கூட நேரம் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்து, விபத்து என்றால் போலீஸ், உடலை வாங்குவது, அடக்கமோ தகனமோ அதற்கான ஏற்பாடு, இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம், வருகிற ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்வது. உடம்பு மரத்துப்போய் ஏதோ ஒரு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் எல்லாம் கிளம்பி, வீடு காலியாகி, அவள் செருப்பு மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறபோதுதான் அது ஆரம்பிக்கிறது. உங்கள் கணக்குப்படி அன்றைக்கு நான் ஆபீசில் இருக்க வேண்டும்.

இருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. பள்ளி விட்டு வந்ததும் அவள் எனக்குப் போன் பண்ணுவது வழக்கம், அந்த நேரம் நெருங்கினாலே கை தானாகப் போனைத் தேடும், அது மாதக்கணக்கில் நிற்கவில்லை. ஆனால் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது முதல் சில வாரங்களைப் பற்றி அல்ல. அப்போது எல்லோரும் நன்றாகவே நடந்துகொண்டார்கள், வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சில மாதங்கள் போனதும் சுற்றி இருப்பவர்களுக்கு அது பழைய செய்தியாகிவிடுகிறது, அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவர்களுக்கும் அவரவர் வாழ்க்கை இருக்கிறது. பெற்றவர்களுக்கோ மரத்துப்போனது தெளிந்து, இனி அவள் வரவே மாட்டாள் என்பது உடம்பில் இறங்குவது அப்போதுதான். அவளுடைய பிறந்தநாள், பள்ளி திறக்கும் நாள், அவள் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போகும் நாள், வருட நினைவு நாள், இவையெல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை. அந்த நாட்களில் ஒரு லீவு கேட்டால் "என்ன காரணம்" என்ற கட்டத்தில் நான் என்ன எழுத வேண்டும்? "சொந்த வேலை" என்று எழுதினேன்.

ஆக நான் கேட்பது இதுதான், நாட்களை நிச்சயமாகக் கூட்டுங்கள், ஆனால் அதைவிட முக்கியமாக அந்த நாட்களைப் பிரித்து எடுக்க விடுங்கள். ஒரே மூச்சில் எடுத்துத் தீர்க்கச் சொல்லாதீர்கள்.

இது நான் கற்பனையில் கேட்பது இல்லை. இங்கிலாந்தில் லூசி ஹெர்ட் என்ற தாயின் ஆண் குழந்தை ஜாக், இரண்டு வயதுகூட நிரம்பாதவன், 2010-ல் தண்ணீரில் மூழ்கி இறந்தான். குழந்தையின் அப்பாவுக்குக் கிடைத்தது மூன்று நாள் லீவு, அதில் ஒரு நாள் இறுதிச் சடங்குக்கே. அந்தத் தாய் விடவில்லை, வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். 2018-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது, 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தது, ஜாக்கின் சட்டம் என்றே அதைச் சொல்கிறார்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்தாலும், 24 வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு குழந்தை இறந்து பிறந்தாலும், வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள் ஆனது என்று பார்க்காமல் இரண்டு வார விடுப்பு. இரண்டு வாரம் போதுமா என்றால் போதாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தை யாரோ புரிந்தவர் எழுதியிருக்கிறார்: அந்த இரண்டு வாரத்தையும் சேர்த்தும் எடுக்கலாம், தனித்தனி வாரமாகவும் எடுக்கலாம், பிள்ளை இறந்து 56 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும். வருடத்துக்கு 52 வாரம்தானே, மீதி நாலு எதற்கு? முதல் வருட நினைவு நாளும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதற்காக. இதைப் படித்த அன்றைக்கு நான் வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நம் நிலைமையை ஒரு சட்டத்தின் வரி தெரிந்துவைத்திருக்கிறது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி மாளாது.

டென்மார்க்கில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்தால் தாய்க்கு 26 வாரம், தகப்பனுக்கும் தனியாக 26 வாரம். இந்தியாவில் மத்திய அரசு 2022 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டது, அதன்படி குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்த கொஞ்ச நாளில் இறந்துவிட்டாலோ மத்திய அரசின் பெண் ஊழியருக்கு 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு. நல்ல உத்தரவு, வரவேற்கிறேன். ஆனால் அதில் அப்பா எங்கே? ஏழு வயதில் போன பிள்ளையின் அம்மா எங்கே? அதேபோல பிரிட்டன் சட்டத்தில் 18 வயது என்று கோடு போட்டதும் எனக்கு ஏற்பில்லை. இருபத்தைந்து வயது மகனைச் சாகக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஓட்டுரிமை வந்துவிட்டதால் அவர்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

"இவ்வளவு நாள் எதற்கு, வேலையில் இருந்தால்தானே மனசு மாறும்?" என்று என் மேனேஜர் அக்கறையோடுதான் கேட்டார். அதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதனால் அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-ல் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருக்கிறவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போவார், அழுவார், போட்டோவை எடுத்துப் பார்ப்பார். இன்னொரு நேரம் அதிலிருந்து விலகி, பில் கட்டுவது, வேலையைப் பார்ப்பது, புதிதாகத் தலையில் விழுந்த பொறுப்புகளைச் சமாளிப்பது என்று இந்தப் பக்கம் வருவார். இந்தப் போக்குவரத்துதான் இயல்பு, இரண்டில் எது இல்லாவிட்டாலும் சிக்கல் என்றார்கள். பிள்ளையை இழந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆமாம் அப்படித்தான் என்பார்கள். காலையில் ஒரு மீட்டிங்கில் நன்றாகப் பேசி, யாரோ சொன்னதற்குச் சிரித்தும் இருப்பேன். மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் இருப்பேன். காலையில் சிரித்ததைப் பார்த்தவர் "தேறிட்டார்" என்று முடிவு பண்ணுவார், மதியம் பார்த்தவர் "இன்னும் தேறலை" என்று முடிவு பண்ணுவார். இரண்டும் ஒரே ஆள், ஒரே நாள். உங்கள் விதிக்கோ லீவில் இருப்பவர், வேலையில் இருப்பவர் என்று இரண்டு பேரைத்தான் தெரியும். நடுவில் ஒரு வழி வேண்டும்: அரை நாள் வேலை, வீட்டிலிருந்து வேலை, அனுமதி கேட்டுக் காத்திருக்காமல் பாதியில் எழுந்து போகும் உரிமை. இப்படி ஏற்பாடு பண்ணுவது உங்களுக்கு ஒன்றும் புதிதில்லை, முதுகுவலிக்கும் கால் எலும்பு முறிந்ததற்கும் பண்ணிக் கொடுக்கிறீர்கள்.

அப்புறம், எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வி. மருத்துவர்களே இதில் உங்களைவிடப் பொறுமையாக இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 11-ஆம் பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றை அதில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் இழப்பு நடந்து குறைந்தது 6 மாதம் தாண்டாமல் அந்தப் பெயரை ஒருவர் மேல் போடக் கூடாது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் இது வந்தது, அங்கே பெரியவர்களுக்கு ஒரு வருடம். அதாவது கடுமையான துக்கத்தில் ஆறு மாதம் கிடப்பவரைப் பார்த்து மருத்துவம் "இவருக்கு நோய்" என்று அவசரப்படாது. நான் வேலைக்குத் திரும்பிய ஆறாவது மாதத்தில் என் செயல்திறன் மதிப்பீடு நடந்தது. "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது. பொய்யில்லை, கவனம் இல்லைதான். ஆனால் ஏன் இல்லை என்பதற்கு அந்தத் தாளில் இடமே விடப்படவில்லை. பிள்ளையை இழந்தவரின் முதல் வருட மதிப்பீட்டை நிறுத்தி வைக்கலாம், அல்லது அதற்கு முந்தைய வருட மதிப்பெண்ணையே வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது.

ஒரு வருடத்தோடு முடிந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2008-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பிள்ளையை இழந்து சராசரியாக 18 ஆண்டுகள் ஆன பெற்றோரைப் பிள்ளையை இழக்காத பெற்றோருடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு காலம் கழிந்த பிறகும் இவர்களிடம் மனச்சோர்வும் உடல்நலக் குறைவும் கூடுதலாகத்தான் இருந்தன. இன்னொன்று டென்மார்க்கில், 21,000-க்கும் மேற்பட்ட பெற்றோரை வைத்துச் செய்தது, 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிள்ளை இறந்த முதல் மூன்று ஆண்டுகளில், விபத்து, தற்கொலை போன்ற காரணங்களால் தாய் இறந்துபோகும் ஆபத்து மற்ற தாய்மாரைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. தகப்பன்மாருக்கும் தொடக்க ஆண்டுகளில் ஆபத்து கூடியிருந்தது. இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பெரும்பாலான பெற்றோர் இதைத் தாண்டி உயிரோடு இருக்கிறார்கள், நாங்களும் இருக்கிறோம். ஆனால் உங்கள் டீமில் அப்படி ஒருவர் இருந்தால், அந்த மூன்று ஆண்டும் அவர் மேல் ஒரு கண் இருக்க வேண்டும், அவர் அமைதியாக வேலையை முடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும்கூட. அமைதியாக இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

இதில் அப்பாக்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நான் திரும்பி வந்ததும் என்னிடம் கேட்கப்பட்டது "வீட்ல மேடம் எப்படி இருக்காங்க?" என்பதுதான். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல மனசோடு கேட்டார்கள், நானும் பதில் சொன்னேன், என் மனைவி உண்மையிலேயே நொறுங்கிப்போய்த்தான் இருந்தாள். ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேட்டவர் எங்கள் ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன் ஒருவர்தான். அவரும் ஒரு பிள்ளையை இழந்தவர் என்று பிறகு தெரிந்தது. துக்கத்தை மனைவிக்குச் சொந்தமாக்கி, புருஷனை அவளுக்குக் காவலாக நிறுத்துகிற வழக்கம் உங்கள் லீவு விதியிலும் இருக்கிறது, அதைத் திருத்துங்கள். என் மனைவி வேறு நிறுவனத்தில் இருந்தாள். கேட்ட லீவைத் தர முடியாது என்றார்கள், வேலையை விட்டுவிட்டாள். பல வருட அனுபவம் உள்ள ஆள். அவர்கள் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன் என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

சின்னதாகத் தெரிகிற, ஆனால் நெஞ்சை அறுக்கிற சில வேலைகளை நீங்களே செய்துவிடலாம். மருத்துவக் காப்பீட்டிலிருந்து பிள்ளையின் பெயரை எடுக்கும் வேலை அதில் முதலாவது. எங்கள் இணையதளத்தில் அவள் பெயருக்கு நேரே "நீக்கு" என்ற பொத்தானை நான்தான் அழுத்த வேண்டியிருந்தது, அழுத்தியதும் "நிச்சயமாகவா?" என்று கேட்டது. சான்றிதழை ஒரு முறை வாங்கிக்கொண்டு அதை நீங்கள் முடித்துவிடுங்கள், எங்களை அந்தப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். அதே சான்றிதழை லீவுக்கு ஒரு தடவை, காப்பீட்டுக்கு ஒரு தடவை, சம்பளப் பிரிவுக்கு ஒரு தடவை என்று கேட்காதீர்கள். ஊழியர் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் தானாக வாழ்த்து அனுப்பும் ஏற்பாடு வைத்திருந்தால் அந்தப் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டீர்களா என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். குடும்ப விழா அழைப்பை எங்களுக்கு அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள், அனுப்பிவிட்டு, வருவதும் வராததும் உங்கள் விருப்பம் என்று நேரில் சொல்லுங்கள். புது டீமில் எல்லோரும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது "எத்தனை குழந்தைகள்" என்று சுற்றி வரக் கேட்காதீர்கள். இரண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், ஒன்று என்று சொன்னால் அவளை நானே இல்லாமல் பண்ணியது போல ஆகிவிடும்.

நாங்கள் திரும்பி வரும் முன்பு, எங்களிடம் கேட்டுவிட்டு, டீமுக்கு யாராவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும் என்று நாங்கள் சொல்வோம். லிஃப்டில் தெரியாத ஒருவர் "ஆளையே காணோம், எங்க டூரா?" என்று கேட்டு, நான் பதில் சொல்லி, அவர் முகம் வெளுத்து, கடைசியில் நான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்தது. அவர் மேல் என்ன தப்பு? யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

செலவாகும், தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு பேச்சு வரும் என்று தெரியும். எந்த ஆபீசிலும் ஒரு வருடத்தில் பிள்ளையைப் பறிகொடுப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இந்த லீவை எடுக்க வேண்டும் என்று பொய் சொல்கிற தாய் தகப்பனை நான் இதுவரை பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறு. ஐ.நா. மதிப்பீட்டின்படி 2022-ல் மட்டும் ஐந்து வயது நிரம்பாமல் இறந்த குழந்தைகள் 49 லட்சம், இறந்தே பிறக்கும் குழந்தைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம். அதில் ஒவ்வொன்றுக்கும் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் மிகப் பலருக்குக் கையேடும் கிடையாது, ஹெச்.ஆர். துறையும் கிடையாது, போகாத நாளுக்குக் கூலி கிடையாது. வீட்டு வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு லீவு கொடுக்க ஒரு நிறுவனத்தால் முடியாது, அரசாங்கம்தான் சட்டத்தாலும் நிதியாலும் செய்ய வேண்டும். மகப்பேறுக்கு அப்படிப்பட்ட ஏற்பாடுகள் பல நாடுகளில் இருக்கின்றன. சட்டம் எழுதும் இடத்தில் இருப்பவர் யாராவது இந்த மடலைப் படித்தால், பெரிய கம்பெனிக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, உங்கள் நிறுவனத்துக்கே வருகிறேன். அந்த ஒற்றை வரியை இந்த வருடமே பிரித்து எழுதுங்கள். பிள்ளையின் மரணத்தைத் தனியாக எழுதுங்கள், எந்த வயதுப் பிள்ளையானாலும், வயிற்றில் இறந்த குழந்தையானாலும். தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே அளவு கொடுங்கள், தத்தெடுத்து வளர்த்தவர்களையும் பேரப்பிள்ளையை வளர்த்த தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வருட நினைவு நாளைத் தாண்டியும் எடுக்கிற மாதிரி நாட்களைப் பிரித்து வையுங்கள். எழுதி முடித்து வெளியிடும் முன்பு, உங்கள் நிறுவனத்திலேயே பிள்ளையை இழந்த ஒருவர் இருந்தால், அவருக்கு விருப்பம் என்றால், உட்கார வைத்துக் காட்டுங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், எந்த நிறுவனமானாலும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு அப்பா